என்னைத் திரும்ப வாங்கிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

இன்று காலை ஜாதிக்காய்த் தைல வாசனை வந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மாட்டுவண்டி ஓட்டும் ஒருவரின் மனைவி, காய்ச்சலில் கொதிக்கும் தன் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தாள். கிளம்புவதற்கு முன் வீட்டில் இருந்த ஒரு பாட்டில் தைலம் முழுவதையும் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துத் தீர்த்திருக்கிறாள். பினாங்குத் தைலம், நீ எப்போதும் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். கடல் தாண்டி இந்த மேடான் நகரத்துக்கு அது எப்படி வந்து சேர்ந்ததோ தெரியாது. வாசனை வாசலைத் தாண்டியதும் கையில் இருந்த பேசினை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. என் மண்டைக்குத்தான் அது இன்னும் ஏறவில்லை.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நர்ஸம்மா, இது மட்டும் பொழைச்சிருச்சுன்னா உங்க சாமிக்கே குடுத்துர்றேன். சத்தியமா குடுத்துர்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "வாயை மூடு! உன் பிள்ளையை யாரும் இங்க கேக்கலே. நீயே வச்சுக்கோ" என்று கத்திவிட்டேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் அழுகையைக்கூட நிறுத்திவிட்டாள். கொயினா மருந்து கொடுத்து ஈரத்துணி போட்டோம். மத்தியானத்துக்குள் குழந்தைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது, கஞ்சி கேட்டது. இப்போது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அவளைத் திட்டியதற்கு நீதான் காரணம் என்பதால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எனக்கு ஐந்து வயதில் வந்த காய்ச்சலின் கதையை நீ சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். அப்பா இறந்து மூன்று வருடம். பினாங்கு ஜெலுத்தோங்கில் பலகை வீட்டு வரிசையில் நீயும் நானும் உன் தையல் மெஷினும் மட்டும். நான் கண் திறக்கவில்லையாம், நாக்கு கறுத்துவிட்டதாம். நீ என்னைப் பாயில் விட்டுவிட்டு நம் சபைக் கோயிலுக்கு ஓடிப்போய், பூட்டிய கதவுக்கு முன்னாலேயே முழங்கால் போட்டு, "இந்தப் பிள்ளையைத் திருப்பிக் குடுத்தீர்னா உம்முடைய ஊழியத்துக்கே குடுத்துர்றேன்" என்று பொருத்தனை பண்ணினாயாம். வீட்டுக்கு வந்தபோது நான் தண்ணீர் கேட்டேனாம். நீ முதலில் இதைச் சொன்னபோது காய்ச்சல் மூன்று நாள். நான் பள்ளிக்கூடம் போனபோது அது ஏழு நாளாகிவிட்டது. திடப்படுத்தல் எடுத்துச் சபையில் சேர்ந்த வருடம் பதினான்கு நாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்னைக் கல்லறையிலிருந்தே எழுப்பியிருப்பாய்.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். அப்போது சிரிப்பாக இல்லை. பக்கத்து வீட்டு மரத்து ரம்புத்தானைப் பறித்தால் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு அடி. எனக்கு, "ஆண்டவருக்குக் குடுத்த பிள்ளை இப்படியா பண்ணும்?" கூத்து பார்க்கப் போக வேண்டும் என்றால் அதே கேள்வி. தலையில் பூ வைத்தால் அதே கேள்வி. கோயிலுக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவாய். "இவதான். பொருத்தனைப் பிள்ளை." கடையில் விலை பேசி முன்பணம் கொடுத்து, அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுவைத்த சாமான் போல நான் நிற்பேன். உன் மடியில் நான் தலை வைத்துப் படுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. தலை வாரிவிடும்போதுகூட உன் கை அவசரமாகவே இருக்கும். உனக்கு என்மேல் பிரியம் குறைவு என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

ஊழியம் என்று நீ நினைத்தது என்ன என்பது எனக்கு இருபது வயது தாண்டியபோதுதான் தெரிந்தது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்று முடித்திருந்தேன். நீ சுங்கை பினாங் ஜெபவீட்டு உபதேசியாரைச் சனிக்கிழமை தோறும் காப்பிக்கு வரச் சொல்ல ஆரம்பித்தாய். உபதேசியாரைக் கட்டிக்கொண்டால் அதுவும் ஊழியம்தானே, பொருத்தனையும் நிறைவேறும், பிள்ளையும் கூப்பிடு தூரத்தில் இருப்பாள்! ஆண்டவரோடு எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாய் அம்மா! அவர் தங்கமான மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை தொண்டையைச் செருமுவார். ஒரு ஜெபத்தில் எத்தனை செருமல் என்று எண்ணிக்கொண்டே நான் கண்ணை மூடியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் மேடானிலிருந்து ஒரு டாக்டரம்மா நம் கோயிலுக்கு வந்தார். வெள்ளைக்காரப் பெண். பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலும் பேச, நம் போதகர் தமிழில் சொன்னார். சுமத்ராவின் புகையிலைத் தோட்டங்களிலும் ரோட்டு வேலையிலும் இருக்கும் தமிழ்ப் பெண்கள் தன்னிடம் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். அவர்கள் சொல்வது தனக்குப் புரிவதில்லை, புரிவதற்குள் சிலர் செத்துவிடுகிறார்கள் என்றார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே போதகர் வீட்டுக்குப் போனேன். நான் போகிறேன், டாக்டரம்மாவுக்கு எழுதுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யாரும்மா உன்னை அழைச்சா?"

"அம்மா பொருத்தனை பண்ணியிருக்காங்க ஐயா."

"அது எனக்குத் தெரியும். ஜெலுத்தோங்குக்கே தெரியும். நான் உன்னையில்ல கேக்கிறேன்?"

யோசித்துப் பார்த்தேன். போக வேண்டும் என்று துடிக்கிறதே, அது என் மனசா? அல்லது பதினெட்டு வருடமாக நீ என் காதில் ஓதியதா? என் ஆசை எது, உன் கடன் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "தெரியலே ஐயா" என்றேன்.

"தெரியாம கப்பல் ஏறக்கூடாது. ஏறினா முதல் மழைக்கே அம்மா மேல பழியைப் போட்டுட்டுத் திரும்பி வந்துருவே. டாக்டரம்மா வருஷக் கடைசி வரைக்கும் காத்திருப்பாங்க. தெரிஞ்சதும் வா, எழுதறேன்."

திரும்பி நடந்து வரும்போது அவரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். அவர் கேட்டது சரியான கேள்வி என்பதால்தான் அவ்வளவு ஆத்திரம். வருஷக் கடைசிக்குள் எனக்கு விடை தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நான் இங்கே செருமலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். நீ பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தாய். வாயில் குண்டூசிகள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாய். எல்லாம் எடுத்த பிறகுதான் பேசினாய்.

"எங்கேன்னு சொன்னே?"

"மேடான். கடலுக்கு அந்தப் பக்கம்."

"நான் பொருத்தனை பண்ணினது இந்தப் பக்கத்துக் கோயில்லடி."

"ஆண்டவர் எல்லாப் பக்கமும்தானே இருக்காரு?"

"இருக்கட்டுமே! அந்தப் பக்கத்து ஆளுங்க பிள்ளையை அந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கட்டும். என் பிள்ளையை இங்கேயே வச்சு வேலை வாங்கட்டும். நான் எந்தக் கதவுக்கு முன்னால முழங்கால் போட்டேன்னு அவருக்குத் தெரியும்லா. பேசினபடிதானே நடக்கணும்?"

"அம்மா, நீ பேசினதுல கடல் பத்தி ஒண்ணும் வரலியே."

"வரலேல்ல? அதான் சொல்றேன். வரலே."

அதற்கு மேல் உன்னோடு யார் வாதாடுவது! நீ மெஷினை மிதிக்க ஆரம்பித்தாய். அந்தச் சத்தத்தில் வீட்டுப் பலகை எல்லாம் அதிர்ந்தது. அடுத்த ஒரு மாதம் நாம் இரண்டு பேரும் சோறு, குழம்பு, விளக்கு, பாசார்ச் சாமான் தவிர வேறு எதையும் பேசவில்லை. உபதேசியார் வந்தார், காப்பி குடித்தார், செருமினார், போனார்.

அந்த மாதம் முழுக்க நீ வேதம் வாசித்தாய். விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கும் உனக்குச் சங்கீதங்களும் சுவிசேஷங்களும்தான் பழக்கம். இந்த முறை முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாய். மோசேயின் சட்டங்கள் வரும் இடத்தில் நம் ஊரில் யாருமே தங்குவதில்லை. ஆடு, மாடு, குஷ்டம், கூடாரம் என்று போய்க்கொண்டே இருக்கும். போதகர்களே இரண்டு பக்கமாகச் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள். நீ அங்கே போய் உட்கார்ந்துகொண்டாய். ஒருநாள் நான் ட்யூட்டி முடிந்து வரும்போது தலை நிமிராமல் கேட்டாய்.

"இங்க பாரு, ஆண்டவருக்குக் குடுத்ததைத் திரும்ப வாங்கலாமா?"

"குடுத்ததை யாராவது திரும்ப வாங்குவாங்களா?" என்றேன் எரிச்சலோடு.

"ஹூம்" என்றாய். அவ்வளவுதான். முகத்தில் மட்டும் என்னவோ ஒரு களை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படி மறப்பேன்? ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே போனதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போதகர் அங்கி மாற்றும் அறைக்குள் நுழைந்தாய். அவர் ஒரு கையை அங்கியிலிருந்து உருவிய நிலையில் நின்றார். நீ இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசைமேல் அவிழ்த்தாய். எல்லாம் வெள்ளிக் காசு. என் கல்யாணத்துக்கென்று நீ சேர்த்த பணம். நோட்டாக இருந்ததை, காகிதம் ஆகாது என்று பினாங்கு வீதியில் காசு மாற்றுகிறவனிடம் கொடுத்து, அவன் சலித்துக்கொள்ளச் சலித்துக்கொள்ள நல்ல காசாகப் பொறுக்கி வாங்கியிருந்தாய்.

"என்னம்மா இது, காணிக்கையா?"

"இல்ல ஐயா. பொருத்தனைப் பிள்ளையை மீட்க வந்திருக்கேன். வேதத்துல விலை போட்டிருக்கு."

அடையாளத்துக்குத் தையல் நூல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாய். அவர் இன்னொரு கையை உருவ மறந்து குனிந்து வாசித்தார். பொருத்தனை பண்ணப்பட்ட ஆளை மீட்க வயதுக்குத் தகுந்தபடி விலை. ஆணுக்கு ஐம்பது, பெண்ணுக்கு முப்பது. ஐந்து வயதிலிருந்து இருபது வரைக்கும் பெண்ணுக்குப் பத்துதான். "அப்பவே வாசிச்சிருந்தா பத்தோட முடிஞ்சிருக்கும். எனக்கு யாரு சொன்னா?" என்று நீ போதகரையே குற்றம் சாட்டுகிற மாதிரிப் பார்த்தாய்.

"அம்மா, இந்தச் சட்டமெல்லாம் அந்தக் காலத்து ஜனங்களுக்கு. இப்ப நமக்கு இல்ல."

"இல்லையா? அப்ப இந்தப் பக்கத்தைக் கிழிச்சிரவா?"

அவர் பதறிப்போய்ப் புத்தகத்தின் மேல் கையை வைத்துவிட்டார். பிறகு, பாவம், உனக்கு உதவத்தான் சொன்னார், "ஏழைன்னா விலையைக் குறைக்கலாம்னும் இதுல இருக்கும்மா. ஒரு வெள்ளி வச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்கோங்க."

உனக்கு வந்ததே கோபம்! "என் மகளை விலை குறைச்சா மீட்கச் சொல்றீங்க? எண்ணிப் பாருங்க ஐயா. முப்பத்தொண்ணு இருக்கு. முப்பதுன்னா யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக்குடுத்து வாங்கின விலை ஆயிடும். அதனால ஒண்ணு கூட வச்சிருக்கேன்."

போதகர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. காசை எண்ணவும் இல்லை. அங்கியின் தொங்கும் கையோடு அப்படியே நின்று, என் தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, இந்தத் தாய் தன் மகளை மீட்டுக்கொண்டாள். இவள் இனிப் பொருத்தனைப் பிள்ளை இல்லை. தாயின் பிள்ளை." இவ்வளவுதான் ஜெபம். நீ "ஆமென்" என்று சொன்ன வேகத்தில் அறைக்கு வெளியே நின்ற, மணி அடிக்கும் கோயில் குட்டியார் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கையை விடவே இல்லை நீ. கல்யாணத்துக்கு இனிப் பணம் இல்லை என்று உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினாய். அவர் ஆறு வாரத்தில் தைப்பிங்கில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். அவருக்கும் நிம்மதிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் செருமலை எண்ணியது அவருக்குத் தெரிந்திருக்கும் போல. போதகர் அந்த முப்பத்தொரு வெள்ளியைக் கொண்டு கோயில் கூரையில் ஒழுகும் தகரங்களை மாற்றினார். அதற்கப்புறம் மழை பெய்தால் நீ மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம், "நனையலேல்ல? என் மகளுக்கு நன்றி சொல்லு" என்பாயாம்.

மீட்கப்பட்ட பிறகு எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை அம்மா. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை. முதல் வாரம் ஜெபமே பண்ணவில்லை. கேட்க ஆள் இல்லை. தலையில் பூ வைத்துக்கொண்டு எஸ்பிளனேடில் கடற்கரை ஓரமாக நடந்தேன், வறுத்த கடலை வாங்கித் தின்றேன், தோலை எல்லாம் கடலில் போட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் நீயே கூப்பிட்டு, "வா, தலை வாரி விடறேன்" என்று உட்காரவைத்தாய். வாரி முடித்த பிறகும் உன் கை என் தலையிலேயே இருந்தது. அப்படியே உன் மடியில் சாய்ந்துவிட்டேன். இருபத்து மூன்று வயதுக் கழுதை! நீ தள்ளிவிடவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! போதும், இனி எங்கும் போக வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாம் என்று அன்று உண்மையிலேயே முடிவு பண்ணினேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. நோயாளிப் பெண்கள் வலியைச் சொல்லும் விதங்களை நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தேன். குத்துவலி, இழுக்கிற வலி, அடிவயிறு கனக்கிறது, இடுப்பு கழன்று விழுகிறது, நெஞ்சு பிசைகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மலாயில் என்ன சொல்லலாம் என்று வார்டில் எடுபிடி வேலை பார்க்கும் அமா ஒருத்தியைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஏன் எழுதினேன் என்று யோசிக்கவில்லை. ஒருநாள் பக்கம் தீர்ந்துபோய் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது பதினோரு பக்கம் நிறைந்திருந்தது. இது யாருக்கு? பினாங்கு ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர்கள் வார்டுக்கு மூன்று பேர். இது மேடான் டாக்டரம்மாவுக்கு. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. நான் போவதற்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் போதகரிடம் போனேன். அவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, வானத்திலிருந்து குரல் ஒண்ணும் கேக்கலே. ஆனா இப்ப என்னை யாரும் பிடிச்சுத் தள்ளலே. வீட்டுல இருக்கத்தான் ஆசையா இருக்கு. அப்பவும் போகணும்னு இருக்கு. பொய் சொல்லலே."

அவர் நோட்டை நாலு பக்கம் புரட்டினார். பேனாவை எடுத்தார். "உக்காரு. டாக்டரம்மாவுக்கு எழுதறேன். எதையாவது கூட்டி எழுதணும்னா நீயே சொல்லு" என்றார்.

உன்னிடம் வந்து சொல்லத்தான் எனக்குப் பயம். விலை கொடுத்து வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன், உள்ளே வந்தால் தைரியம் போய்விடும் என்று. நீ மெஷினை நிறுத்தினாய். நிறையப் பேசுவாய் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப என் முப்பத்தொரு வெள்ளி தண்டமா?" என்றாய். பிறகு உன் உதடு கோணியது. முந்தானையைத் தேடினாய். எனக்கு நினைவு தெரிந்து நீ அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"அம்மா, நீ வேண்டாம்னா நான் போகலே."

"சும்மா இருடி. அழ விடு. பதினெட்டு வருஷம் ஆச்சு." மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாய், "நீ படிக்க ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் போனப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அழலே. ஆண்டவருக்குக் குடுத்துட்டு அழுதா, மனசில்லாம குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் அவர் உன் உயிரையே எடுத்துக்கிட்டா? அந்தப் பயம். உன்னைத் தூக்கிக் கொஞ்சவும் பயம். அடுத்தவங்க சாமானைக் கையில வச்சிருக்கிற மாதிரி இருந்தேன். பயத்துல குடுத்ததுடி அது. இப்ப நீ என் பிள்ளை. போறதுன்னா போ. என் பிள்ளை போகுதுன்னு நான் வாய்விட்டு அழுவேன். அதைக் கேக்க யாருக்கும் உரிமை இல்ல."

ஐயோ அம்மா! பிரியம் குறைவு என்று நினைத்தேனே. வாசலிலிருந்து உன்னிடம் ஓடி வந்தபோது மெஷின் மிதியில் கால் இடித்து நகம் பெயர்ந்துவிட்டது. வலித்ததா என்றே ஞாபகம் இல்லை. என்னைத் தடுக்கவும் செய்யாமல் தள்ளவும் செய்யாமல் நீ அழுதாய் பார், அப்போது என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை எப்படிச் சொல்வது! அதற்கப்புறம் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

சொன்னபடியே அழுதாய். கப்பல் துறையில் கோயில் ஜனங்கள் ஒரு வழியனுப்புப் பாட்டு பயிற்சி பண்ணி வந்திருந்தார்கள். போதகர் சுருதி கொடுத்தார். முதல் அடிக்கே நீ பெருங்குரல் எடுத்தாய். பாட்டு மூன்றாம் அடியில் நின்றுவிட்டது. சம்பான் படகு தள்ளுகிறவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, யார் செத்துப்போனது என்று போதகரை மலாயில் விசாரித்தார். நீ அழுகையை நிறுத்தி அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னாய். "யாரும் சாகலே தம்பி! என் மக ஊழியத்துக்குப் போறா!" சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாய். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். கப்பல் நகர்ந்த பிறகும் தண்ணீர்மேல் உன் குரல் கேட்டது. மற்றப் பயணிகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

இங்கே வந்து ஒன்பது வருடம். முதல் மழைக்குத் திரும்பி ஓடவில்லை. அந்தப் பதினோரு பக்கம் இப்போது மூன்று நோட்டாகிவிட்டது. டாக்டரம்மாவே இப்போது "இடுப்பு கழலுதா?" என்று தமிழில் கேட்கிறார், உச்சரிப்பு கொடுமை. வருடத்துக்கு ஒருமுறை உன்னைப் பார்க்க வந்தேன். வரும்போது ஒரு அழுகை, போகும்போது ஒரு அழுகை. அக்கம்பக்கத்தார் பழகிவிட்டார்கள்.

உன் அடக்கத்துக்கு நான் வந்து சேரவில்லை. தந்தி கிடைத்து, அடுத்த கப்பல் பிடித்து, ஜெலுத்தோங் வந்தபோது எல்லாம் முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது. மண் ஈரமாக இருந்தது. ஊழியம் ஊழியம் என்று பெற்றவளைத் தனியாக விட்டுவிட்டேனே என்று எனக்குள் ஒன்று அரிக்க ஆரம்பித்தது. உன்னைக் கடைசி வாரம் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன், ஏன் முன்னாலேயே எனக்குத் தந்தி அடிக்கவில்லை என்று. கோபமாகத்தான் கேட்டேன்.

"நான் அடிக்கிறேன்னுதான் சொன்னேன் தங்கச்சி. ரெண்டு தடவை கேட்டேன். அவங்க விடலே."

"ஏன் விடலே? வரமாட்டேன்னு நினைச்சாங்களா?"

"ஐயையோ, அப்படி இல்ல! 'கூப்பிட்டா போட்டது போட்டபடி ஓடி வந்துருவா. எனக்குத் தெரியும்லா. அது தெரியுது, போதும். அவ வேலை பார்க்கட்டும்'னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க."

நான் அந்த அக்காவின் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு உன் குழிக்குப் போய், உன்னைப் போலவே, ஊர் கேட்க அழுதேன். போதகர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நம் வீட்டுப் பழக்கம் தெரியும்.

இப்போது எனக்குள் அந்த அரிப்பு இல்லை. நிம்மதியாக இருக்கிறேன் அம்மா. புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எதை விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ கூப்பிட்டிருந்தால் முதல் கப்பலுக்கு ஓடி வந்திருப்பேன். அது உனக்குத் தெரியும். கூப்பிடாமல் சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் தினமும் வார்டுக்குள் போகிறேன்.

உன் மகள்